பழைய காருக்குப் புது பெட்ரோல் லைன்

பழைய காரின் பெட்ரோல் லைன் ஒரே பைப் அல்ல. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை போகும் பாதையில் நீளமான உலோகக் குழாய் ஒன்று, அதன் முனைகளில் குட்டையான ரப்பர் ஹோஸ்கள், இடையில் ஒரு ஃபில்டர், இன்ஜினின் பக்கவாட்டில் பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு இன்னொரு சிறு குழாய் என்று பல துண்டுகள் சேர்ந்ததுதான் லைன். சேசிஸ் அசையாது, இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இரும்புக் குழாயால் நேரடியாக இணைத்தால் சில மாதங்களில் குழாய் முறிந்துவிடும். அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் இடையில் ரப்பர் வைத்தார்கள். லைனில் முதலில் கெடுவதும் அந்த ரப்பர்தான்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. பெயர் வாங்கிய இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த உருவம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பாடியே சேசிஸாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டில் தனிச் சேசிஸின் மேல் பாடியை போல்ட் போட்டு இறுக்கினார்கள். பானெட் முன்சக்கர வளைவுகளோடு சேர்த்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். பெட்ரோல் லைன் மாற்றக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான கார் அமைவது அரிது. டேங்க் பின்னால் டிக்கியில். குழாய் சேசிஸை ஒட்டி முன்னால் ஓடி, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் ஏசி வகை மெக்கானிக்கல் பம்ப்புக்கு வரும். அங்கிருந்து இன்ஜினின் முன்புறத்தைச் சுற்றி மறுபக்கத்துக் கார்புரேட்டருக்குப் போகும். அம்பாசடரிலும் பியட்டிலும் இடங்கள் மாறுமே தவிர, வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

எங்கே கோளாறு என்று தேடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்ஜின் பக்கம் பம்ப் இருக்கும் கார்களில் லைனுக்கு இரண்டு பாதிகள் உண்டு. டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விட்டால், வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மெக்கானிக்குகள் ‘ஏர் இழுக்குது’ என்று சொல்வது இதைத்தான். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாமல் போகலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி மேட்டில் அழுத்தினால் இழுக்காமல் திணறும், கொஞ்சம் நின்றால் மறுபடி சரியாகும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தும், பிளக், பாயின்ட், கண்டன்சர் எல்லாம் மாற்றியும் தீராத நோய் பல வண்டிகளில் டேங்குக்குக் கீழே இருக்கும் நான்கு அங்குல ரப்பரில்தான் இருக்கும்.

கோடைக்காலத்தில் இதனோடு வேப்பர் லாக்கும், அதாவது லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும், சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கும் திரவமல்ல. அதன் இலேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே ஆவியாவது இன்னும் எளிது. குழாய் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போனாலோ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஃபில்டர் தொங்கினாலோ, சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்ற கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்கும் பழைய வைத்தியம் அப்போதைக்குப் பலன் தரும். குழாயின் பாதையை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. லைன் மாற்றும் வேலை அதற்கு நல்ல வாய்ப்பு.

சொட்டுகிற இடம் ஈரமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெட்ரோல் உலர்ந்துவிடும், ஆனால் அது கழுவிய இடத்தில் புழுதி படியாமல் சுத்தமான தடமோ, பழுப்பு நிறக் கறையோ இருக்கும். ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்தால் நுண்ணிய விரிசல்கள் வெளிப்படும். கல்லைப் போல் இறுகிப்போனதும் கெட்டது, பிசுபிசுவென்று ஒட்டுவதும் கெட்டது. துணி பின்னிய பழைய வகை ஹோஸில் விரிசல் பின்னலுக்குள் மறைந்துவிடும். அதைப் பார்த்து முடிவு செய்ய இயலாது, வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது. ஆயில் அளவு தானாகக் கூடி, பெட்ரோல் வாசனை அடித்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்புக்குள் இறங்குகிறது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது. பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே இன்ஜினைத் தொட வேண்டும்.

இப்போது இந்த வேலை முன்பைவிட அவசரமானதாக ஆகியிருப்பதற்குக் காரணம் எத்தனால். இந்தியாவில் பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடு முழுவதும் வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. ஹெரால்டும் அம்பாசடரும் உருவான காலத்தில் ரப்பரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இப்படி ஒரு எரிபொருளை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. பழைய வகை ரப்பரை எத்தனால் ஊற வைத்து உப்பச் செய்யும். அதற்கு நெகிழ்வு தரும் சேர்மங்களைக் கரைத்து எடுத்துவிடும். வண்டி சில வாரம் ஓடாமல் நின்று ஹோஸ் காய்ந்தால், அது சுருங்கி வெடிக்கும். அதனால்தான் தினமும் ஓடும் பழைய காரைவிட, ஷெட்டில் மூடி வைத்து மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் காரில் ஹோஸ் சீக்கிரம் போகிறது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இரும்பு டேங்கும் இரும்புக் குழாயும் உள்ளிருந்து துருப்பிடிக்க அதுவே போதும். பல ஆண்டுகளாகப் படிந்த பிசினையும் எத்தனால் கிளறிவிடும். அந்த அழுக்கு நேராக ஃபில்டருக்கும் கார்புரேட்டர் ஜெட்டுக்கும் வந்து அடைக்கும். லைனை மட்டும் புதிதாக்கி, டேங்கை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

பொருள் வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நல்ல பெட்ரோல் ஹோஸின் மேல் அதன் தரக்குறியீடு அச்சிட்டிருக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6, ஆர்7 என்பவை கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானவை. அதே வரிசையில் ஆர்9 என்பது உள்சுவரில் ஃப்ளோரோ எலாஸ்டோமர் பூச்சுள்ளது. விட்டான் என்ற பெயரில் பலரும் அறிந்த பொருள் இந்த வகை. எத்தனாலை அது நன்றாகத் தாங்கும். ஹெரால்டு போன்ற காரின் பம்ப் தருவது 2 பி.எஸ்.ஐ. அளவிலான அழுத்தம்தான், ஆர்9 ஹோஸோ அதைவிடப் பன்மடங்கு தாங்கக்கூடிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கென்று வந்தது. இருந்தும் பழைய காருக்கு அதையே வாங்குவது சரி. இங்கே பிரச்சினை அழுத்தமல்ல, எத்தனால். ஒரு மீட்டருக்குக் கூடுதலாகும் பணம், மொத்த வேலையின் செலவில் மிகச் சிறியது.

அச்சே இல்லாத கறுப்பு ஹோஸ், தண்ணீர் டியூப், கண்ணாடி போலத் தெரியும் பி.வி.சி. டியூப், கேஸ் அடுப்பு டியூப் எதையும் பெட்ரோலுக்குப் போடக் கூடாது. உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்பதற்காக பி.வி.சி. டியூபை விரும்புகிறவர்கள் உண்டு. இன்ஜின் சூட்டில் அது முதலில் இளகும், பிறகு இறுகிச் சுருங்கி முனையிலிருந்து தானாகக் கழன்றுவிடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் நல்ல ஹோஸ் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய பம்ப், யூனியன், கிளிப் தேடலாம். ஆனால் ரப்பரை மட்டும் பழையதாகவோ, பல ஆண்டு ஸ்டாக்கில் கிடந்ததாகவோ வாங்கக் கூடாது. கடை அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

உலோகக் குழாய்க்கு மூன்று வழிகள் உள்ளன. பூச்சுள்ள இரும்புக் குழாய் ஒரிஜினல், மலிவு, ஆனால் மறுபடியும் துருப்பிடிக்கும். செம்பு கையால் வளையும், எங்கும் கிடைக்கும். ஏர் கண்டிஷனர் மெக்கானிக்கிடமிருந்து ஒரு சுருள் வாங்கி வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அது தவறான சிக்கனம். செம்பு அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். பெட்ரோலில் பிசின் உண்டாவதையும் அது வேகப்படுத்தும். செம்புடன் ஏறத்தாழ 10 விழுக்காடு நிக்கல் சேர்ந்த குழாய்தான் சிறந்தது. துருப்பிடிக்காது, அதிர்வைத் தாங்கும், வீட்டில் உள்ள கருவியாலேயே வளைக்கலாம். பிரேக் பைப் விற்கும் நல்ல கடைகளில் கேட்டால் கிடைக்கும். அளவை யூகிக்க வேண்டாம். பழைய குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழிக் கார்களில் கால் அங்குலமோ 5/16 அங்குலமோ இருக்கும், அதாவது 6.35 அல்லது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் குழாயை 5/16 நட்டில் திணித்தால் உட்கார்ந்தது போலத் தெரியும், ஒழுகும்.

இனி பாதுகாப்பு. இதை அவசரமாகக் கடக்க முடியாது. உறையும் குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். ஆகவே ஒர்க்‌ஷாப் குழியில் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த இடத்தில், பகல் வெளிச்சத்தில், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு செய்ய வேண்டும். பாட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சாமி படத்துக்கு முன் எரியும் விளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பூஜையை வேலை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம். பல்பு எரியும் கை விளக்கின் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் பல்பு வெடித்துவிடும், எல்.இ.டி. டார்ச் போதும். கைக்கெட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும்.

ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுதான் சரி, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது வேலையைத் தொடங்கினால் சுமை பாதியாகும். மிச்சத்தைக் கைப்பம்பால் எடுத்து மூடியுள்ள தகரக் கேனில் ஊற்ற வேண்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுப்பது நம் ஊரில் வெகு சாதாரணம். இதை விட்டே ஆக வேண்டும். விழுங்கியதைவிட நுரையீரலுக்குள் இறங்கிய சிறு அளவு பெட்ரோல் மோசமான அழற்சியை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். திறந்த பிளாஸ்டிக் பக்கெட்டும் ஆகாது.

கழற்றுவதற்கு முன் முழுப் பாதையையும் போட்டோ எடுத்துவிட வேண்டும். குழாய் எந்தக் கிளிப்பில் நுழைகிறது, எந்தக் குறுக்குச் சட்டத்துக்கு மேலே போகிறது என்பதெல்லாம் இரண்டு நாள் கழித்து நினைவிருக்காது. சேசிஸை ஒட்டி பிரேக் பைப்பும் ஓடும். மெல்லியது பிரேக், தடித்தது பெட்ரோல். குழப்பிக்கொண்டு பிரேக் பைப்பைத் தொட்டால் இன்னொரு முழு வேலை சேரும். நட்டுகள் துருவில் இறுகியிருந்தால் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். ஒரு பக்கம் திறந்த வளைய ஸ்பேனர் நட்டின் முனைகளை உருட்டாது. பம்பில் இருக்கும் யூனியனைத் திருகும்போது இன்னொரு ஸ்பேனரால் பம்ப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பம்பின் மென்மையான உலோகத்தில் மரை போய்விடும். வராத நட்டுக்கு கேஸ் ஃபிளேம் காட்டும் பழக்கம் மற்ற இடங்களில் பலிக்கும். பெட்ரோல் லைனில் ஒருபோதும் கூடாது.

பழைய குழாயை முடிந்தவரை முழுசாக, வளைவு கெடாமல் எடுக்க வேண்டும். அதுதான் புதுக் குழாய்க்கு மாதிரி. துருப்பிடித்துத் துண்டு துண்டாக வந்தால் ஒரு தடித்த வெல்டிங் கம்பியைக் காரின் அடியிலேயே வளைத்து மாதிரி செய்யலாம். புதுக் குழாயைச் சிறிய வட்டக் கட்டரால் அறுக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் வாய் கோணலாகும், தூள் உள்ளே போகும். அறுத்த வாயின் உள் விளிம்பை வழித்து, காற்றடித்து, பிறகே அடுத்த வேலை. வளைப்பதற்கு பைப் பெண்டர் வேண்டும்; முழங்காலில் வைத்து வளைத்தால் குழாய் நசுங்கும். நசுங்கிய இடத்தில் பெட்ரோல் குறைவாகப் போகும், பிறகு அங்கேயே விரிசலும் விடும். நீளமான நேர்ப்பகுதியிலிருந்து தொடங்கி வளைவுகளை ஒவ்வொன்றாகக் காரில் வைத்துப் பார்த்துச் செய்வது மெதுவான வழி, ஆனால் வீணாகாத வழி.

ஹோஸ் ஏறும் முனை வழவழவென்று இருக்கக் கூடாது. ஓரத்தில் மெல்லிய வளையம் போல ஒரு புடைப்பு வேண்டும். இரட்டை ஃபிளேர் போடும் கருவியில் முதல் படியோடு நிறுத்தினால் அந்தப் புடைப்பு அழகாக வந்துவிடும். ஹோஸை அதைத் தாண்டி ஓர் அங்குலம் ஏற்றி, கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் இறுக்கினால் இந்த லைனின் அழுத்தத்தில் ஹோஸ் கழலாது. கிளிப்பிலும் வேறுபாடு உண்டு. பட்டையில் துளைகள் வெட்டிய சாதாரண திருகு கிளிப், இத்தனை சிறிய ஹோஸைச் சீராகப் பிடிக்காது. துளையின் விளிம்பு ரப்பரை அறுக்கும். விளிம்பு மடித்த, துளையில்லாத சின்ன கிளிப்தான் பெட்ரோல் ஹோஸுக்கு. ரப்பர் பிதுங்கும் வரை இறுக்குவதும் தவறு.

பொருத்தும்போது குழாய் சைலன்சர் பைப்பிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிப் போக வேண்டும். வழியில்லாத இடத்தில் தகர மறைப்பு வைக்கலாம். ஒன்றேகால் அடிக்கு ஒரு கிளிப், ரப்பர் உறையோடு. தகரத்தைத் துளைத்து நுழையும் இடத்தில் குரோமெட் கட்டாயம். அது இல்லாவிட்டால் அதிர்விலேயே தகரம் குழாயை ரம்பம் போல அறுத்துவிடும். ஃபில்டரை டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே, சூடில்லாத இடத்தில், அம்புக்குறி பம்ப் பக்கம் பார்க்கும்படி வைத்தால் பம்பும் பிழைக்கும். திருகிப் பிரிக்கும் கண்ணாடி ஃபில்டர் பார்க்க அழகு; அதன் வாஷர் பிசகினால் இன்ஜின் மேலேயே பெட்ரோல் கொட்டும். ஒரே வார்ப்பாக வரும் ஃபில்டர் பாதுகாப்பானது. பம்பைத் திறந்து உள் வலையைக் கழுவி, மூடியின் வாஷரையும், எத்தனால் தாங்கும் டயாஃப்ரத்தையும் இதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். ஃபிளேர் மூட்டுகளுக்கு டெஃப்லான் டேப்போ பசையோ தேவையில்லை. சரியாகப் போட்ட ஃபிளேர் தானாகவே அடைக்கும், கோணலான ஃபிளேரை எந்தப் பசையும் காப்பாற்றாது. வழியில் ஒழுகும் டேங்கில் சோப்பைத் தேய்த்து அடைத்து ஊர் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். நல்ல கைவைத்தியம்தான், ஊர் வந்த பிறகும் அந்தச் சோப்பு அங்கேயே இருப்பதுதான் ஆபத்து.

எல்லாம் இணைத்த பின் டேங்கில் நாலைந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றி, இன்ஜினைத் தொடாமல் சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்து முகர வேண்டும். பிறகு பம்பில் உள்ள கை லீவரால் அடித்துக் கார்புரேட்டர் கிண்ணத்தை நிரப்பலாம். லீவர் இழுவையே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கேம் உயரத்தில் நிற்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றி வைத்தால் லீவர் வேலை செய்யும். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க, கார்புரேட்டர் முனையைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் விட்டு இன்ஜினைச் சுற்றுவார்கள். அப்போது காயிலின் மெல்லிய வயரைக் கழற்ற வேண்டும். தடித்த வயரை மட்டும் உருவிவிட்டால் அது எங்காவது பொறி விடும், பக்கத்திலேயே திறந்த பெட்ரோல் இருக்கும். பாட்டரி எர்த்தை மாட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் ஒருமுறை, நன்றாகச் சூடேறிய பின் ஒருமுறை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒருமுறை முழு லைனையும் பார்க்க வேண்டும். சூட்டில்தான் பல மூட்டுகள் தம் குறையைக் காட்டும். ஒரு வாரத்தில் புது ரப்பர் அமுங்கி இளகும். கிளிப்புகளை மீண்டும் சரிபார்த்து, தளர்ந்திருந்தால் அரைச் சுற்று இறுக்க வேண்டும். டேங்கில் கிளறிய துரு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஃபில்டரை நிரப்பிவிடும் என்பதால் ஒரு ஃபில்டர் கையிருப்பில் இருக்கட்டும்.

உலோகக் குழாய் இனிப் பல ஆண்டுகளுக்கு வரும். ரப்பர் அப்படியல்ல. நல்ல ஆர்9 ஹோஸாக இருந்தாலும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பார்வைக்குப் புதிதாகவே தெரிந்தாலும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு தகட்டில் எழுதிப் பம்பின் பக்கத்தில் கட்டி வைத்தால், அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்கும் உதவும். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாத ஹோஸோடு பழைய கார் வைத்திருப்பவர்கள், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.